வாரம் ஒரு காசு

பாதிரிமார் வெளியிடும் வேண்டுகோள்களும் ஒருவகை இலக்கியமே. அதற்கென ஓர் இலக்கணம் உண்டு; அந்த இலக்கணம் நூற்றைம்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றில் மாதா கோயில் கட்ட நிதி கேட்டு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இன்று அச்சாகும் தாளை எடுத்துப் பாருங்கள். முதற் பத்தியில் வறுமை வரும்: கூரை ஒழுகும், மண்சுவர் கரையும், தரையில் குந்தியிருக்கும் குழந்தைகளின் கண்கள் மட்டும் மின்னும். அடுத்து வருவது பக்தி: பத்துக்கல் தொலைவு நடந்தே பூசைக்கு வரும் கிழவி ஒருத்தி தவறாமல் தோன்றுவாள். அதன்பின் விலைப்பட்டியல்: செங்கல்லுக்கு இவ்வளவு, சிமெண்டு மூட்டைக்கு இவ்வளவு, தகரக் கூரைக்கு இவ்வளவு. இறுதியில், கொடுப்போர் பெயர் கல்லில் பொறிக்கப்படும் என்னும் வாக்குறுதி. கண்ணீரில் தொடங்கிக் கல்வெட்டில் முடியும் காவியம் இது!

இலக்கியம் என்றால் அதில் யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று பார்ப்பது திறனாய்வாளன் கடமை. இந்தக் காவியத்தில் பாதிரியார் பேசுகிறார். பிஷப் ஆசி கூறுகிறார். கொடையாளியின் உள்ளம்கூடப் பேசுகிறது. பத்துக்கல் நடந்து வந்த கிழவி மட்டும் பேசுவதில்லை. "உனக்கு முதலில் வேண்டுவது யாது, தாயே? கோயிலா, கிணறா, மருத்துவச்சியா?" என்று அவளை எவரும் கேட்டதாக ஒரு வரி இராது. அவள் புன்னகைப்பாள், அவ்வளவே அவள் பாத்திரம்.

இந்த முறையின் பிறப்பிடம் பிரான்சு நாட்டு லியோன் நகரம். பட்டு நெய்யும் தொழிலாளர் நிறைந்த ஊர். அவ்வூரில் பிறந்த பொலின் ஜாரிகோ எனும் இளம்பெண் ஒரு வழி கண்டாள். ஆளுக்கு வாரம் ஒரு 'சூ'. பிராங்கில் இருபதில் ஒரு பங்கான அற்பக் காசு. பத்துப் பேருக்கு ஒருவர் தண்டுவார்; பத்துப் பத்துகளுக்கு ஒரு தலைவர்; பத்து நூறுகளுக்கு மேலும் ஒருவர். 1822 மே 3-ஆம் நாள் இவ்வமைப்பு விசுவாசப் பரப்புதல் சபை என முறைப்படி நிறுவப்பட்டது. சங்கம் அமைக்கும் கலையில் நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. காசு கொடுத்த பத்துப் பேருக்கு ஓர் இதழ் என்ற கணக்கில், தொலைநாட்டுப் பாதிரிமார் எழுதிய கடிதங்கள் அச்சாகி வந்தன. நான் சொன்ன காவியம் அந்த இதழ்களில்தான் உருவம் பெற்றது. 1838-இல் மதுரை மறைநாட்டுக்குத் திரும்பி வந்த பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரிமாரும் அந்த இதழ்களுக்கு எழுதினர். நம் பாட்டனாரின் பனையோலைக் குடிசை, லியோன் நெசவாளியின் வீட்டு அடுப்படியில் கண்ணீரோடு படிக்கப்பட்டது!

அதே பொலின் ஜாரிகோவின் பிற்கால வாழ்க்கையை வேண்டுகோள் எழுதுவோர் அதிகம் பேசுவதில்லை. தொலைநாட்டுக் கோயில்களுக்குக் காசு திரட்டியவள், தன் கண்முன் வதைபட்ட தொழிலாளருக்காக ஒரு மாதிரித் தொழிற்குடியிருப்பு அமைக்க முயன்றாள். 1845-இல் ருஸ்ட்ரெல் என்னும் இடத்தில் இரும்பாலை ஒன்றை வாங்கினாள். நம்பியவர்கள் ஏமாற்றினர், கடன் கழுத்தை நெரித்தது. அவள் தொடங்கிய சபைக்குக் காசு குவிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவள் வீடுவீடாகச் சென்று கடன் தீர்க்கக் கையேந்தினாள். 1862-இல் இறந்தபோது ஏழைகள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. 2022 மே 22-இல் லியோன் நகரில் அவளுக்கு அருளாளர் பட்டம் சூட்டினர். உயிரோடிருந்தபோது தொழிலாளருக்கென்று அவள் கேட்ட காசு வரவில்லை. செத்து நூற்றறுபது ஆண்டு கழித்துப் பட்டம் வந்தது. கண்காணாத ஆப்பிரிக்கனுக்கு இரங்கும் உள்ளம், கண்ணெதிரே நிற்கும் நெசவாளிக்கு ஏன் இரங்கவில்லை? தொலைவில் இருக்கும் ஏழை கூலி உயர்வு கேட்கமாட்டான். அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏழை நாட்டில் கோயில் எழுப்புவது எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு ஐவரி கோஸ்ட் நாட்டு யாமூசூக்ரோ சான்று. அந்நாட்டுத் தலைவர் ஊஃபுவே பொய்ஞி தாம் பிறந்த ஊரில் ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்தைப் போன்றே ஒன்றை எழுப்பினார். 1985-இல் அடிக்கல், சிலுவை நுனிவரை 158 மீட்டர் உயரம், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் ஒன்றில் தலைவரின் உருவமே ஏசுவின் அருகில்! செலவு முப்பது கோடி டாலர் அளவில் பேசப்பட்டது. பணம் தம் சொந்தப் பணம் என்றார் தலைவர். அப்போது அந்நாட்டின் உயிரான கொக்கோ விலை சரிந்து கிடந்தது. 1990-இல் சம்பள வெட்டை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினர். அதே 1990 செப்டம்பர் 10-இல் போப்பரசர் இரண்டாம் ஜான் பால் அங்கே சென்று பேராலயத்தை அர்ச்சித்தார். அருகில் ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்பது போப்பரசர் விதித்த நிபந்தனை. நல்ல நிபந்தனை! பேராலயம் எழ ஐந்தாண்டு போதுமானதாயிற்று. மருத்துவமனையின் கதவு திறந்தது 2015-இல். காய்ச்சல்காரன் கால்நூற்றாண்டு காத்திருந்தான்.

ஆப்பிரிக்கர் இதைக் கண்டும் வாய்மூடிக் கிடந்தனரா? இல்லை. கென்யா நாட்டவரும் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரெஸ்பிடேரியன் சபையின் பொதுச் செயலாளருமான ஜான் கட்டு 1971-இலேயே, மேலைநாட்டார் ஆளும் அனுப்ப வேண்டா, பணமும் அனுப்ப வேண்டா, சிறிது காலம் எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். 1974-இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கச் சபைகளின் மாநாடு அக்குரலை எதிரொலித்தது. அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். எனினும் நோய் ஒன்றே. பிறர் காசில் கட்டிய வீட்டில் குடியிருப்பவன் சன்னலை எப்பக்கம் வைப்பது என்று தீர்மானிக்க முடியாது என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். விண்ணப்பம் எழுதும் கைகளுக்கு இந்தச் செய்தி மட்டும் எட்டவே இல்லை போலும்!

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நெல்லைச் சீமையின் தென்கோடியில் வடக்கன்குளம். தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது ஊரே விழாக் கோலம் பூண்டது. அந்த ஊரில் 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலின் அமைப்பைக் கேளுங்கள். கால்சட்டையை விரித்துப் போட்டாற்போல் இரண்டு கூடங்கள். இரண்டும் கூடும் முனையில் ஒரே பீடம். ஒரு கூடத்தில் வேளாளர். மறு கூடத்தில் நாடார் முதலியோர். நடுவே சுவர். பூசை வைப்பவரை இருசாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண முடியாது. ஒரே அப்பம், ஒரே கிண்ணம், ஒரே ஆண்டவர். இடையில் மட்டும் மனுநீதி!

கல்லும் சுண்ணாம்பும் கலந்து, கொத்தனுக்குக் கூலி கொடுத்து, வரைபடம் போட்டுக் கட்டிய சாதி அது. ஓலைக்கூரையின் கீழ் இருந்தபோது கயிறு கட்டியோ தட்டி வைத்தோ பிரித்திருப்பார்கள். கயிற்றை ஒரு இரவில் அறுக்கலாம். கட்டடமானபின் சாதிக்கும் அஸ்திவாரம் விழுந்துவிட்டது. கட்டட நிதிக்கு வேண்டுகோள் விடுப்போரும் கொடுப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. நிதி என்பது நடுநிலையான பொருள் அன்று. ஊரில் எந்த ஒழுங்கு நிலவுகிறதோ அதை அது கல்லாக்கிவிடும்.

1910-இல் கௌசானல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். பாராட்டத்தக்க செயல், பாதிரியார் என்பதற்காகப் பாராட்டை நாம் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இடித்ததும் என்ன நடந்தது? ஞானஸ்நானம் பெற்று, பைபிள் படித்து, தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள், திருச்சிராப்பள்ளி பிஷப் பார்த் மீது வழக்குத் தொடுத்தனர். சுவர் எங்கள் வழக்கம், சுவர் எங்கள் உரிமை, சுவரை மீண்டும் கட்டித்தர வேண்டும்! வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. கிறித்தவருக்குள் சாதி உரிமை கோர இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. ஏசு சொல்லிக் கேளாததை ஆங்கிலேயன் நீதிமன்றம் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூலில் இவ்வழக்கை ஆராய்ந்திருக்கிறார். மதமாற்றம் ஒன்றே சாதிக்கு மருந்து என்று நம்பும் நண்பரும், மதமாற்றம் எல்லாம் அந்நியச் சதி என்று முழங்கும் நண்பரும் அந்த நூலை வாங்கிப் படித்தல் நலம்.

இவ்வளவு சொன்னபின், "ஆகவே ஏழை ஊரில் எந்தக் கட்டடமும் வேண்டா" என்று தீர்ப்பெழுதிவிட்டு எழுந்துவிடலாமா? எளிதான வழிதான். கடவுளே இல்லை என்பவனுக்குக் கோயில் எதற்கு என்ற கேள்வி ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் கழுகுமலை நம்மை எழவிடாமல் கையைப் பிடிக்கிறது. எட்டையபுரம் ஜமீனுக்கு உட்பட்ட அவ்வூரில், தெருவழியே ஊர்வலம் செல்லும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. நீதிமன்றமும் கைவிட்டது. அவர்களில் ஒரு பகுதியார் கத்தோலிக்கராயினர். தேரோடும் தெருவிலேயே தங்களுக்கென ஒரு சிறு கோயிலை அமைத்துக்கொண்டனர். 1895-இல் தேர்த் திருவிழாவின்போது கலகம் மூண்டு உயிர்கள் பலியாயின. அவர்கள் தேடியது மோட்சமா? தெருவில் நிற்க ஓர் இடம்! தலைக்கு மேல் ஒரு கூரையும், கையில் ஒரு பத்திரமும், பின்னால் ஒரு வெள்ளைக்காரனும் இருந்தால்தான் தன் ஊர்த் தெருவில் தமிழன் நடக்கலாம் என்ற நிலை யார் உண்டாக்கியது? மாதா கோயிலைக் கட்டிய பாதிரியைத் திட்டுமுன், அதைக் கட்டத் தேவையை உண்டாக்கிய தேரையும் தேரின் வடத்தைப் பிடித்தவர்களையும் கணக்கில் எழுதவேண்டும். 1899-இல் சிவகாசி எரிந்ததும், கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றதும் அதே கணக்கேட்டின் அடுத்த பக்கங்கள்.

சிவகாசியைக் குறிப்பிட்டபோது இன்னொருவர் நினைவு வருகிறது. தாமஸ் ராக்லண்டு, கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற ஆங்கிலேயர், சீர்திருத்தச் சபையின் பாதிரியார். வட நெல்லைச் சீமையில் 1854 முதல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கினார். மாளிகை எழுப்பவில்லை; கூடாரத் துணியைச் சுருட்டினால் பயணம் முடிந்தது. 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார். அவர் சமயக் கொள்கை நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் வேலையைக் கட்டடத்தின் பெயரால் அளக்காத ஒரு பாதிரியாரும் இம்மண்ணில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அதே சீமையில் டோனாவூர் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அப்பெயர் எங்கிருந்து வந்தது? பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் அது! கொடுத்தவன் நம் ஊரைப் பார்த்ததுகூட இல்லை. ஊர் நூற்றாண்டுகளாக அவன் பெயரைச் சுமக்கிறது. கல்வெட்டாசை கல்லோடு நிற்பதில்லை.

வாரம் ஒரு காசுக்கு இணையான ஒன்றை நம்மவரும் கண்டுபிடித்ததுண்டு. அதற்கு லியோனுக்குப் போக வேண்டியதில்லை, விருதுநகருக்குப் போனால் போதும். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. அந்தப் பிடி அரிசியும், வணிகர் தம் சரக்குக்கு இவ்வளவு என்று செலுத்திய மகமையும் சேர்ந்து க்ஷத்ரிய வித்யாசாலையாயிற்று. 1889-இல் அது தொடங்கிற்று. பின்னாளில் முதலமைச்சராகி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்த காமராசர் அந்தப் பள்ளியில் படித்தவர். எவரும் கண்ணீர்க் கடிதம் எழுதவில்லை; வெளிநாட்டுச் சீமாட்டி ஒருத்தியின் பெயரும் வாசலில் பொறிக்கப்படவில்லை. அரிசி போட்டவள் பிள்ளை பள்ளிக்குப் போனான். போகாவிட்டால் ஏன் என்று உறவின்முறையில் கேட்க அவள் வீட்டாருக்கு வாயும் இருந்தது.

இதிலும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். உறவின்முறை என்பது ஒரு சாதியின் அமைப்பு. சபையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். அரிசி போட்ட கை அங்கே உயர்ந்ததில்லை. தன் காசு என்பதாலேயே சுவர் தானாக மறைந்துவிடாது. வடக்கன்குளத்தில் நிற்கும் கேள்வி விருதுநகரிலும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டுதான் இருந்தது.

இப்போது நாரணாபுரத்து இளைஞர்களிடம் நேராகவே பேசுகிறேன். உங்கள் ஊரில் காலையில் எழுந்து பட்டாசு ஆலைக்குப் போய், காகிதக் குழாய் உருட்டி, சரம் பின்னி, கையெல்லாம் மருந்துப் பொடியோடு மாலையில் திரும்பும் பெண் யார் வந்து கேட்டாலும் ஏதாவது கொடுத்துவிடுகிறாள். அம்மன் கோயில் கொடைக்கும் கொடுக்கிறாள். மாதா கோயில் கட்டட நிதிக்கும் கொடுக்கிறாள். தேர்தல் நிதிக்கும் கொடுக்கிறாள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து நாற்பதுக்குக் குறையாதவர் கருகினார்களே, அவர்கள் போன்றோர் கொடுத்த காசு நம் வட்டாரத்தில் எத்தனை கோபுரங்களில் கலசமாக நிற்கிறது! தீக்காயம் பட்டவனை நல்ல மருத்துவத்துக்கு மதுரைக்குக் கொண்டு ஓட வேண்டியிருந்த நாள்களில் எந்தக் கோபுரமாவது ஒரு கட்டிலைக் கொடுத்ததா?

உங்களுள் சிலர், "அந்நியப் பணம் வருகிறது, தடுக்க வேண்டும்" என்று அண்மைக் காலத்தில் பேசத் தொடங்கியிருக்கிறீர்கள். அது நம் சொல் அன்று, தோழர்களே; இரவல் சொல். வெளிநாட்டு நன்கொடைக்கு 1976-இல் ஒரு சட்டம் வந்தது. 2010-இல் புதிதாக எழுதப்பட்டது. 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. பணம் முழுவதும் புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் வந்து விழ வேண்டும். பெற்ற அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று அரசு துருவித் துருவிக் கேட்கிறது. வந்த பணத்தில் சுவர் எழுந்ததா என்று ஒரு படிவத்திலாவது ஒரு கேள்வி உண்டா? லியோன் நெசவாளியின் காசு தீட்டுடையது, உள்ளூர்ப் பண்ணையாரின் காசு தூயது என்பது எந்தப் பகுத்தறிவு? பெரிய கோயில்களின் உண்டியலில் விழும் கடல்கடந்த டாலரைக் கண்டு பூரிப்பவர், சிற்றூர் மாதா கோயிலுக்கு வரும் டாலரைக் கண்டு மட்டும் பதறினால், அவர் பதறுவது பணத்தைக் கண்டல்ல.

நாம் கேட்க வேண்டியது வேறு. எறையூரைப் பாருங்கள், அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். அவ்வூர்த் தலித் கிறித்தவர்கள் பெரிய கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை. சகாய மாதாவுக்குத் தாங்களே ஒரு கோயில் கட்டி, அதைத் தனிப் பங்காக ஏற்குமாறு கேட்டனர். 2008 மார்ச்சு 9-இல் வன்முறை வெடித்தது. வன்னியக் கிறித்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். வடக்கன்குளத்துச் சுவரை இடித்து ஏறத்தாழ நூறாண்டு ஆனபின்! அன்று சுவர் கோயிலுக்குள் இருந்தது. இன்று ஒரே ஊரில் இரண்டு கோயிலாக நிற்கிறது. இரண்டாவது கோயிலுக்கு எவரேனும் நிதி கொடுத்தால் அது விடுதலைக்குத் துணையா, பிரிவினைக்குத் துணையா? எனக்கு விடை எளிதாகப் படவில்லை. உள்ளே நின்று அவமானப்படு என்று ஒரு தலித்திடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெளியே கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மற்றவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவதையும் பொறுக்க இயலவில்லை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒன்றை ஒப்புக்கொண்டது: நாட்டிலுள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் இருப்பதோ மிகக் குறைவு. மூன்றில் இருவர் காணிக்கைத் தட்டில் காசு போடுகிறவர்கள். தட்டை எண்ணும் மேசையில் அவர்களைக் காணவில்லை.

ஆயினும் அவர்கள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. அதை அவர்களுக்குச் சொல்வார்தான் இல்லை. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். 1267-ஆம் விதி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. 1287-ஆம் விதி, மக்கள் கொடுத்த பொருளுக்கு அம்மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 537-ஆம் விதி, பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பை 532-ஆம் விதி குருவின் கையிலேயே வைத்துவிட்டது. சாவியைப் பூட்டுக்கு உள்ளே வைத்துப் பூட்டிய சாமர்த்தியம்! எனினும் கணக்குக் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. ரோமாபுரியே எழுதிக் கொடுத்த உரிமையைக் கேட்பவனை நாத்திகன் என்று எந்தப் பாதிரியார் விரட்ட முடியும்?

ஆகவே நாரணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாகக் கட்டட நிதி திரட்டுவோர் வரும்போது, அவர் சிலுவையோடு வந்தாலும் திருநீற்றோடு வந்தாலும், கதவை அறைந்து சாத்தாதீர்கள், உட்காரச் சொல்லுங்கள். மனைப் பத்திரம் யார் பெயரில்? சரம் பின்னும் பெண்களுள் எவளேனும் நிதிக்குழுவில் இருக்கிறாளா? சென்ற ஆண்டின் வரவு செலவைத் தமிழில் எழுதி எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள்? சேரித் தெருவிலிருந்து வருகிறவனும் ஊர்த்தெருவிலிருந்து வருகிறவனும் ஒரே வாசல் வழியாக நுழைவார்களா? செத்தபின் இருவரையும் கல்லறைக்குக் கொண்டுபோகும் பாதை ஒன்றா, இரண்டா?